எப்.எக்ஸா, எப்.இசட்டா, ஸ்டிங்ரேயா?

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். நானும் கணவரும் கோட்டைப் பக்கம் வேலைக்குப் போகிறோம். பிள்ளைகள் இருவர், வயது பதினொன்றும் ஏழும். அம்மாவும் எங்களோடுதான். முதல் தடவையாகக் கார் வாங்கப் போகிறோம். சுசுகி வேகன் ஆர், ஜப்பானில் இருந்து வந்தது என்பது வரை முடிவாகிவிட்டது. மூன்று வாகனங்கள் பார்த்து வைத்திருக்கிறோம். தெஹிவளையில் 2014 எப்.எக்ஸ்., ஒரே உரிமையாளர், 92,000 கிலோமீற்றர். நுகேகொடையில் ஒரு கார் சேலில் 2015 எப்.இசட்., 58,000 கிலோமீற்றர், எப்.எக்ஸை விட நான்கு இலட்சம் கூட. மூன்றாவது 2014 ஸ்டிங்ரே, கணவரின் நண்பருக்குத் தெரிந்தவருடையது, ஆறு இலட்சம் கூட, லீசிங் இன்னும் முடியவில்லை. கணவருக்கு ஸ்டிங்ரேயில்தான் கண். எப்.இசட். ஹைபிரிட் என்றபடியால் பெற்றோலில் மிச்சம் பிடிக்கலாம் என்கிறார் சேல்காரர். மாதம் ஆயிரம் கிலோமீற்றர் ஓடுவோம், அனேகமாகக் காலி வீதியில். வருடத்தில் இரண்டு மூன்று தரம் யாழ்ப்பாணம். எதை வாங்கலாம்?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள சகோதரி,

தெஹிவளை எப்.எக்ஸைப் போய்ப் பாருங்கள். அது பரிசோதனையில் தோற்றால் மட்டும் நுகேகொடைக்குப் போகலாம். ஸ்டிங்ரேயை, லீசிங் தீர்ந்து கம்பனியின் விடுவிப்புக் கடிதம் கையில் வரும்வரை, பார்க்கவே போக வேண்டாம். போய்ப் பார்த்தால் கணவர் திறப்பைத் திருப்பிக் கொடுக்க மாட்டார்.

இனிக் காரணங்கள். எப்.எக்ஸ்., எப்.இசட்., ஸ்டிங்ரே என்பவை வேகன் ஆரின் வகைப் பெயர்கள், மூன்றும் ஒரே தலைமுறை வாகனங்கள். 2012 செப்டெம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஐந்தாம் தலைமுறை வேகன் ஆர். மூன்றிலும் இருப்பது 658 சி.சி., மூன்று சிலிண்டர், ஆர் 06 ஏ என்ஜின். டர்போ இல்லாவிட்டால் 52 குதிரைவலு. கியர் மூன்றிலும் சி.வி.டி., அதாவது படியில்லாமல் தானாக மாறுகிற வகை. டயர் அளவு கூடச் சாதாரண வகைகளில் 155/65 ஆர் 14 தான். பத்து வருடம் ஓடிய பிறகு எப்.எக்ஸுக்கும் எப்.இசட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விட, ஒரு எப்.எக்ஸுக்கும் பக்கத்துத் தெருவில் நிற்கிற இன்னொரு எப்.எக்ஸுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. வாங்க வருகிறவர்கள் எழுத்தைப் பற்றி அரை மணித்தியாலம் கதைப்பார்கள், கியர் ஒயில் எப்போது மாற்றியது என்று ஒரு தரமும் கேட்க மாட்டார்கள்.

எழுத்தை விட முக்கியமானது செசி இலக்கத்தின் முன்பகுதி. எம்.எச். 34 எஸ். என்று தொடங்கினால் ஒன்று, எம்.எச். 44 எஸ். என்று தொடங்கினால் வேறொன்று. 2014 ஓகஸ்டில் சுசுகி இந்த வாகனத்துக்கு எஸ்-எனர்ஜி சார்ஜ் என்ற முறையைச் சேர்த்தது. அது உள்ளவைதான் 44. எப்.இசட். அந்த வகை. எப்.எக்ஸ். 34 ஆகவே தொடர்ந்தது. ஸ்டிங்ரேயில்தான் கவனம் வேண்டும். 2014 என்றால் ஓகஸ்டுக்கு முந்தியதாகவும் இருக்கலாம், பிந்தியதாகவும் இருக்கலாம். ஆறு இலட்சம் கூடக் கேட்கிறவர் விற்பது 34 என்றால், நீங்கள் முகத்துக்கும் விளக்குக்கும் மட்டும் அந்தக் காசைக் கொடுக்கிறீர்கள். பதிவுப் புத்தகத்தில் செசி இலக்கம் இருக்கும், படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு யாரும் மறுக்கத் தேவையில்லை.

இப்போது அந்த ஹைபிரிட் கதைக்கு வருகிறேன், சேல்காரர்கள் அதிகம் குழப்புகிற இடம் அது. சாதாரணக் காரில் மின்சாரம் உண்டாக்க ஓல்டர்னேட்டர் என்று ஒன்று இருக்கிறதல்லவா, 44 இல் அந்த இடத்தில் ஐ.எஸ்.ஜி. என்று ஒன்று இருக்கிறது. அது மின்சாரமும் உண்டாக்கும், தேவையான நேரம் மோட்டராகவும் வேலை செய்யும். என்ஜினோடு அதைச் சேர்ப்பது ஒரு பெல்ட். நீங்கள் வேகத்தைக் குறைக்கும்போது அது மின்சாரத்தைப் பிடித்து, முன் இடப்பக்க இருக்கைக்குக் கீழே உள்ள சின்ன லித்தியம் பற்றரியில் சேர்க்கும். திரும்ப அக்சிலரேட்டரை மிதிக்கும்போது சில செக்கன்களுக்கு என்ஜினுக்குக் கைகொடுக்கும். அவ்வளவுதான். டொயோட்டா அக்குவாவைப் போல என்ஜின் நின்றிருக்க மோட்டர் மட்டும் வாகனத்தை இழுத்துக்கொண்டு போவது இதில் இல்லை. இன்னொரு வேடிக்கை, 34 இலும் லித்தியம் பற்றரி உண்டு. அது விளக்கு, ரேடியோ, கொம்பியூட்டர் போன்றவற்றுக்கு மின்சாரம் கொடுத்து என்ஜினின் சுமையைக் குறைக்கும், சக்கரத்துக்குப் போகாது. இருக்கையைத் தூக்கி அந்தப் பெட்டியைக் காட்டி, "இதுவும் ஹைபிரிட்தான் மிஸ்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள்.

மிச்சம் எவ்வளவு? ஜப்பானிய ஜே.சி. 08 சோதனையில் 2012 எப்.எக்ஸுக்கு லீற்றருக்கு 28.8 கிலோமீற்றர், 44 இற்கு 32.4 கிலோமீற்றர். இரண்டையும் காலி வீதியில் எதிர்பார்க்க வேண்டாம். அந்தச் சோதனையில் ஏ.சி. போடுவதில்லை. வெள்ளவத்தைச் சந்தியில் ஏ.சி. போடாமல் யார் நிற்பார்கள்? எங்கள் கராஜுக்கு வருகிறவர்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், நகர ஓட்டத்தில் எப்.எக்ஸுக்கு 15, எப்.இசட்டுக்கு 16.5 என்று கணக்குப் போடுவது நியாயம். மாதம் ஆயிரம் கிலோமீற்றருக்கு முதலாவதுக்கு ஏறக்குறைய 67 லீற்றர், இரண்டாவதுக்கு 61. ஆறு லீற்றர் மிச்சம். லீற்றர் முந்நூறு ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,800 ரூபாய், வருடம் 21,600. நீங்கள் கூடக் கொடுக்கிற நான்கு இலட்சம் திரும்பி வர பதினெட்டு வருடம் பிடிக்கும். அதற்குள் உங்கள் சின்னப் பிள்ளை தனக்கென்று ஒரு கார் வாங்கியிருக்கும். விற்கும்போது எப்.இசட்டுக்குக் கூட விலை கிடைக்கும் என்பது உண்மை, ஆகவே அந்த நான்கு இலட்சம் முழுவதும் நட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெற்றோலில் மிச்சம் என்ற காரணத்துக்காக எப்.இசட். வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது. லீசிங் போட்டு வாங்கினால் வட்டியோடு இன்னும் மோசம்.

எப்.இசட்டில் உண்மையில் நல்லது வேறொன்று இருக்கிறது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது இரண்டு வகையிலும் என்ஜின் தானாக நின்று, பிரேக்கில் இருந்து காலை எடுத்ததும் தானாக ஸ்டார்ட் ஆகும். 34 இல் அதைச் செய்வது ஸ்டார்ட்டர் மோட்டர். ஒவ்வொரு தரமும் ஒரு கரகரப்பும் ஒரு குலுக்கலும் வரும். 44 இல் அந்த வேலையை ஐ.எஸ்.ஜி. பெல்ட் வழியாகச் செய்வதால் ஸ்டார்ட் ஆனதே தெரியாது. பம்பலப்பிட்டியில் இருந்து கொள்ளுப்பிட்டி வரை காலை ஏழரைக்குப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் நன்றாக விளங்கும். கரகரப்புப் பிடிக்காத எப்.எக்ஸ்காரர்கள் அதை நிறுத்துகிற சுவிட்சை அழுத்திவிட்டு ஓடுகிறார்கள். அதில் தவறில்லை. என்ஜின் நிற்கும் நேரத்தில் குளிர் போகாமல் இருக்க சுசுகி ஏ.சி.யின் குளிர்ப்பெட்டிக்குள் குளிரைப் பிடித்து வைக்கிற ஒரு பொருளையும் வைத்திருக்கிறது. ஜப்பானில் அது போதும், எங்கள் வைகாசி வெயிலில் கொஞ்ச நேரத்துக்குத்தான். பிறகு என்ஜின் தானாகவே ஸ்டார்ட் ஆகிவிடும். வாகனத்தில் பிழை என்று பயப்பட வேண்டாம்.

ஸ்டிங்ரே பற்றி ஒரு பந்தி போதும். முன்முகம் வேறு, விளக்கு வேறு, உட்புறம் கறுப்பு. மழைக்கால இரவில் அந்த விளக்கு நல்லது, ஒத்துக்கொள்கிறேன். கறுப்பு உட்புறம் மரைன் டிரைவில் மத்தியானம் நிறுத்தி வைத்த காருக்குள் ஏறுகிறபோது எப்படி இருக்கும் என்று கணவரிடம் கேளுங்கள். முன்பம்பரும் விளக்கும் அடிபட்டால் எப்.எக்ஸின் சாமானை விட விலை. டர்போ ஸ்டிங்ரே என்றும் ஒன்று இருக்கிறது. உங்களுக்குச் சொன்னது அது என்றால், என்ஜின் ஒயிலைத் தவணை தவறாமல் மாற்றியதற்குப் பற்றுச்சீட்டுகள் இல்லாமல் தொட வேண்டாம்.

நீங்கள் கடிதத்தில் கேட்காமல் விட்ட ஒரு விசயம் இருக்கிறது. நீங்கள் ஐந்து பேர். ஜப்பானில் இது கேய் வகை வாகனம், நீளம் 3.4 மீற்றருக்குள், அகலம் 1.48 மீற்றருக்குள், 660 சி.சி.க்குள் இருக்க வேண்டும். அந்த வகையில் நான்கு பேருக்குத்தான் இடமும் பெல்ட்டும். பின்னால் இரண்டு பெல்ட். கோயிலுக்கு, கடைக்கு என்று அம்மாவை நடுவில் இருத்திக்கொண்டு போகிற வழக்கம் ஊர் முழுக்க இருக்கிறது, எனக்கும் தெரியும். ஆனால் யாழ்ப்பாணம் வரை ஏழு மணித்தியாலம், நடுவில் இருப்பவருக்குப் பெல்ட் இல்லாமல் போவதை நான் ஏற்கமாட்டேன். அம்மா யாழ்ப்பாணப் பயணத்துக்கு ஒவ்வொரு தரமும் வருகிறவர் என்றால், வேகன் ஆர் எந்த எழுத்திலும் உங்களுக்குச் சரிவராது. அப்போது டொயோட்டா விட்ஸ் 1000 சி.சி., 2010 டிசெம்பருக்குப் பிறகு வந்த உருவம், செசி கே.எஸ்.பி. 130 என்று தொடங்குவதைத் தேடுங்கள். ஐந்து பெல்ட் இருக்கும், கேட்கிற விலையும் கூடுதலாக இருக்கும். அம்மா புகையிரதத்தில் வசதியாகப் போய்வருகிறவர் என்றால் மேலே படியுங்கள்.

யாழ்ப்பாணம் என்றபடியால் இன்னொன்று. எங்கள் நாட்டில் நகருக்கு வெளியே காருக்கு வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். அந்த வேகத்தில் நான்கு பேரோடும் பையோடும் 52 குதிரைவலு போதும். லொறியை முந்தும்போது மட்டும் முன்கூட்டியே யோசித்து, நீளமான வெளி பார்த்து முந்துங்கள். ஐ.எஸ்.ஜி. அந்த இடத்தில் பெரிதாக உதவாது, ஒரே வேகத்தில் போகிற நீண்ட ஓட்டத்தில் எப்.இசட்டுக்கும் எப்.எக்ஸுக்கும் வித்தியாசம் மங்கிவிடும். அதிவேகப் பாதையில் 100 இல் போனால் உயரமான பெட்டி உடம்பு காற்றுக்கு ஆடும், சத்தமும் வரும், பழகிக்கொள்ள வேண்டியதுதான். முக்கியமாக, இந்த வாகனங்களில் உபரி டயர் இருக்காது. அதற்குப் பதில் ஓட்டை அடைக்கிற மருந்துப் போத்தலும் காற்றடிக்கிற சின்னப் பம்பும் கொடுத்திருப்பார்கள். பத்து வருடப் போத்தல் காலாவதியாகியிருக்கும். மதவாச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையில் அது தெரியவருவதை விட இங்கேயே புதிது வாங்கி வையுங்கள்.

சரி, தெஹிவளைக்குப் போகும்போது என்ன செய்வது?

காலையில் போங்கள். வருவதற்கு முன் என்ஜினை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று முன்னரே சொல்லுங்கள். சூடான என்ஜின் பல குறைகளை மறைக்கும். பொனற்றில் கைவைத்துப் பாருங்கள், குளிராக இருக்க வேண்டும். ஸ்டார்ட் பண்ணியதும் மீற்றரில் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒருக்கால் எரிந்து அணைய வேண்டும். எயர்பாக் விளக்கு எரியவே இல்லை என்றால், அது எரிந்துகொண்டே இருப்பதை விட எனக்குக் கூடச் சந்தேகம். அடிபட்டு எயர்பாக் வெடித்த வாகனத்தில் புதிது போடாமல், விளக்கின் தொடர்பை மட்டும் கழற்றி விடுகிற வேலை நடக்கிறது.

பிறகு சி.வி.டி. இந்த வாகனத்தில் நல்லதும் அதுதான், பழுதானால் கையைக் கடிப்பதும் அதுதான். குளிராக இருக்கும்போதே ரிவர்ஸில் இருந்து டிரைவுக்கு மாற்றிப் பாருங்கள், இடி மாதிரி ஒரு அடி வரக்கூடாது. உங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத் தரிப்பிடத்துக்கு இறங்குகிற சாய்வு இருந்தால் அங்கே கொண்டுபோய் நின்ற இடத்தில் இருந்து ஏற்றிப் பாருங்கள். 20 இல் இருந்து 40 வரை மெதுவாக வேகம் எடுக்கும்போது ஒரு நடுக்கம் வருகிறதா, ஊளையிடுகிற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். மூன்று சிலிண்டர் என்ஜினுக்கு நிற்கும்போது ஒரு இயல்பான அதிர்வு உண்டு, அதைக் கியரின் நடுக்கத்தோடு குழப்ப வேண்டாம். அந்த அதிர்வு கூடுதலாக இருந்தால் என்ஜினைத் தாங்குகிற மவுண்ட் தேய்ந்திருக்கலாம், அது பெரிய செலவில்லை. சி.வி.டி. ஒயில் வாழ்நாளுக்கும் மாற்றத் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சுசுகி கிரீன் 2 என்ற ஒயில்தான் இதற்கு உரியது. அதைப் போட்டதற்குப் பற்றுச்சீட்டு காட்டினால் அந்த உரிமையாளருக்கு என் மனதில் பத்துப் புள்ளி.

என்ஜின் சூடான பிறகு ஏ.சி.யைக் குறைத்து வைத்துவிட்டு, நிறுத்தும் சுவிட்ச் அழுத்தப்படவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டு, இரண்டு மூன்று சிவப்பு விளக்குகளில் நில்லுங்கள். என்ஜின் தானாக நிற்க வேண்டும். அரை மணித்தியாலம் ஓடியும் ஒரு தரமும் நிற்கவில்லை என்றால் ஏதோ ஒரு பற்றரி களைத்துவிட்டது. பெரும்பாலும் பொனற்றுக்குக் கீழே உள்ள ஈய பற்றரிதான் காரணம். இந்த முறைக்கென்று செய்த பற்றரி போட வேண்டிய இடத்தில் மலிவானதைப் போட்டுவிடுவார்கள். அது சின்னச் செலவு. லித்தியம் பற்றரி என்றால் பெரிய செலவு. இரண்டில் எது என்று ஸ்கேன் கருவியில் தெரியும். கருவி வைத்திருக்கிற மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் விற்பவருக்கு முன்பின் தெரியாதவராக இருக்க வேண்டும். எப்.இசட்டில் இந்தச் சோதனையை இரண்டு மடங்கு கவனமாகச் செய்யுங்கள். அந்த நான்கு இலட்சமே அந்தப் பற்றரிக்கும் ஐ.எஸ்.ஜி.க்கும் அதன் பெல்ட்டுக்கும்தானே போகிறது.

லித்தியம் பற்றரி இருக்கைக்குக் கீழே இருப்பதால் கொழும்பில் எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகி கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கின. 2025 நவம்பரில் டித்வா புயலோடு திரும்பவும். வெள்ளத்தில் நின்ற வாகனங்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போகவில்லை. கழுவி, காயவைத்து, வாசனை அடித்து எங்கோ விற்பனைக்கு வந்தவையும் உண்டு. முன் இடப்பக்க இருக்கைக்குக் கீழே டோர்ச் அடித்துப் பாருங்கள், வயர் இணைப்புகளில் பச்சை பிடித்திருக்கிறதா, இருக்கை தண்டவாளத்தில் துருவா, மண் கோடா என்று. நான்கு பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். முன்பக்கம் துவைத்திருப்பார்கள், உள்ளே சுருண்டிருக்கிற கடைசி முழத்தைத் துவைக்க யாருக்கும் நினைவு வராது. பின் சாமான் தட்டைத் தூக்கி அடியில் முகர்ந்தும் பாருங்கள்.

இனி நுகேகொடையின் 58,000. அது உண்மையாக இருக்கலாம். பத்து வருடத்துக்கு மேல் ஓடிய ஒரு வேகன் ஆருக்கு அது மிகக் குறைவு, ஆகவே நிரூபிக்க வேண்டியவர் விற்பவர். ஜப்பானில் ஏலத்தில் எடுத்தபோது கொடுத்த ஏலத்தாளைக் கேளுங்கள். அதில் அன்றைய கிலோமீற்றரும் தரமும் எழுதியிருக்கும். ஆர் என்ற எழுத்துத் தரமாக இருந்தால் அங்கேயே அடிபட்டுத் திருத்திய வாகனம். தாள் இல்லை என்றால் செசி இலக்கத்தைக் கொடுத்து அந்த விபரத்தை இணையத்தில் காசு கட்டி எடுக்கலாம். இங்கே வந்த பிறகு உள்ள ஓட்டத்துக்கு சேர்விஸ் பற்றுச்சீட்டுகள் வேண்டும். காகிதம் ஒன்றும் இல்லாவிட்டால் கண்ணை நம்புங்கள். ஸ்டியரிங்கின் மேற்பக்கம் வழுவழுத்திருக்கிறதா, பிரேக் மிதியின் ரப்பர் ஓரம் தேய்ந்திருக்கிறதா, ஏறி இறங்குகிற பக்கம் இருக்கையின் தையல் நைந்திருக்கிறதா? 58,000 ஓடிய வாகனத்தில் இவை மூன்றும் சேர்ந்து வராது. தெஹிவளையின் 92,000 எனக்குப் பிடித்ததும் இதனால்தான், அந்த எண்ணுக்கு மீற்றரைக் குறைத்து வைத்து விற்கிறவர்கள் குறைவு.

முன் கண்ணாடியையும் ஒரு தரம் பாருங்கள். 2013 இல் இருந்து சில வாகனங்களில் மெதுவான வேகத்தில் முன்னால் இடிக்காமல் தானாகப் பிரேக் போடுகிற முறை வந்தது. அதற்கான கருவி கண்ணாடியின் மேற்பக்கத்தில் இருக்கும். ஒரே எப்.எக்ஸில் ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது. உங்கள் மூன்றில் எதிலாவது இருந்தால், நான் அதற்குத்தான் கூட விலை கொடுப்பேன், அலோய் வீலுக்கு அல்ல. கண்ணாடி மாற்றியிருந்தால் அந்தக் கருவியைத் திரும்பச் சரிசெய்தார்களா என்று கேட்க வேண்டும். விளம்பரங்களில் சேப்டி என்று வருகிறதே, அது பெரும்பாலும் அடுத்த தலைமுறையில் இதன் வளர்ந்த வடிவம்.

அந்த அடுத்த தலைமுறையைப் பற்றியும் கேட்பீர்கள். 2017 பெப்ரவரியில் வந்தது, செசி எம்.எச். 55 எஸ். உடம்பின் அடித்தளமே புதிது, எடை குறைவு, லித்தியம் பற்றரி பெரிது. நின்ற இடத்தில் இருந்து சில செக்கன்களுக்கு மோட்டரால் மட்டும் ஊர்ந்து போகவும் செய்யும், ஆகவே ஹைபிரிட் என்ற பெயர் அதற்குக் கொஞ்சம் பொருந்தும். பின்கதவில் குடையைச் செருகி வைத்தால் தண்ணீர் வெளியே வடிந்து போகிற ஒரு குழியும் உண்டு, ஐப்பசி மழையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றுகிறவருக்குத் தெரியும் அதன் அருமை. காசு கையில் இருந்தால் நான் அதைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன். லீசிங்கை நீட்டி அதற்குப் போக வேண்டாம். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியபோது ஏறிய விலைகள், 2025 பெப்ரவரியில் திறந்துவிட்ட பிறகும் ஆட்கள் காத்திருந்த அளவுக்கு இறங்கவில்லை, புது வாகனத்தின் வரி அப்படி. 34, 44 இரண்டுக்கும் இன்னொரு வசதி, பஞ்சிகாவத்தையில் சாமான் தேடி அலையத் தேவையில்லை.

காகிதங்கள். பதிவுப் புத்தகத்தில் உரிமையாளர் பெயருக்குக் கீழே முழுமையான உரிமையாளர் என்று லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அந்தப் பெயர் நீங்கும்வரை வாகனம் அவருடையதல்ல. ஸ்டிங்ரேக்காரர் "காசைத் தாங்கோ, நான் கட்டி முடிக்கிறன்" என்பார். காசை நேரே லீசிங் கம்பனியில் கட்டி, விடுவிப்புக் கடிதத்தை நீங்களே வாங்கலாம் என்றால் கதையுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். ஓபன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட தாளோடு மட்டும், கைமாறி வந்த வாகனத்தையும் விடுங்கள். புத்தகத்தில் இருப்பவரும் உங்களிடம் காசு வாங்குபவரும் ஒரே ஆளாக, அடையாள அட்டையோடு முன்னால் இருக்க வேண்டும். என்ஜின் இலக்கமும் செசி இலக்கமும் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று மெக்கானிக்கை வாசிக்கச் சொல்லி நீங்கள் சரி பாருங்கள். வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி மூன்றினதும் திகதியைப் பாருங்கள். காப்புறுதியில் கோரிக்கை இல்லாச் சலுகை, அதாவது நட்டஈடு கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கிற கழிவு, எத்தனை வீதம் என்று கேளுங்கள். ஒரே உரிமையாளர், பத்து வருடம், ஆனால் சலுகை மிகக் குறைவு என்றால் எங்கோ இடித்திருக்கிறார்.

எப்.எக்ஸ். இவ்வளவையும் தாண்டிவிட்டால் கேட்ட விலையில் கொஞ்சம் குறைத்து வாங்குங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், கடைசி இரண்டும் ஆண்டு. 19 என்றோ அதற்கு முந்தியதாகவோ இருந்தால், டயர் தேயாமல் இருந்தாலும் நான்கு டயரின் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். நீங்கள் எப்.இசட்டுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த நான்கு இலட்சத்தில் ஒரு பங்கை வங்கியில் போட வேண்டாம், முதல் மாதத்திலேயே வாகனத்தில் போடுங்கள். சி.வி.டி. ஒயில், என்ஜின் ஒயில், கூலன்ட், பிரேக் ஒயில், ஏ.சி. பில்ட்டர், தேவைப்பட்டால் ஈய பற்றரியும் முன் லோவர் ஆர்ம் புஷ்களும். வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு அடித்தட்டுக்குத் துருத்தடுப்பும் அடித்துவிடுங்கள், மரைன் டிரைவ் பக்கம் இரவில் நிறுத்துகிறீர்கள் என்றால் அதைத்தான் முதலில்.